எத்தினை விரல்?

பக்கத்துக் காணிக்காரர் புல்வெட்டும் மெஷினின் கயிற்றை இழுக்கிறார். முதலில் ஒரு இருமல். பிறகு அந்தச் சத்தம், ஒரே சுருதியில், தலைக்கு மேலே எங்கோ நிலைகொண்டு நிற்பதைப் போல. தேநீருக்கு வைத்த தண்ணீர் இன்னும் கொதிக்கவில்லை. என் கை போய் அடுப்பை அணைத்துவிட்டது. காஸ் அடுப்பு. புகையே வராது. ஆனாலும் கைக்கு அது தெரியாது.

வன்னியில் போரின் அந்தக் கடைசிக் காலத்தில் இருந்த எவருடைய கையும் இப்படித்தான். ஆளில்லாத வேவு விமானத்தை நாங்கள் வண்டு என்றோம். வண்டு இரைந்தால் அடுப்பில் தண்ணீர் ஊற்றினோம். கொடியில் காயும் வெள்ளை வேட்டியைப் பிடுங்கினோம். மோட்டார் சைக்கிளின் மினுக்கத்தில் சேறு அப்பினோம். மேலே இருப்பவருக்கு, கீழே நாங்கள் இல்லை என்று காட்டுவது எங்களுக்குப் பழகிப்போன வேலை. வேலை முடிந்து எத்தனையோ வருடமாகிவிட்டது. கைகளுக்கு அதை யாரும் அறிவிக்கவில்லை.

ஆனால் அந்தச் சத்தத்தின் அடியிலிருந்து எனக்கு இன்னொரு கையும் எழுந்து வரும். ஒரு பெண்ணின் வலது கை. விரல்களை விரித்து, எதிரில் நிற்பவனின் முகத்துக்கு நேரே நீட்டிய கை. சுண்ணாம்புக்கட்டித் தூள் நகங்களுக்குள் இருக்கும்.

"எத்தினை விரல்?"

எங்கள் முல்லைத்தீவுக் கரைப் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தவர். ஊர் முழுக்க அவரை ரீச்சர் என்றது. நாங்கள் வேதக்காரர், கிறிஸ்தவக் கடல் சனம். அவர் இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்த சைவக் குடும்பத்துப் பிள்ளை. எங்கள் கோயிலடியில் ஒரு அறையும் குசினியும் எடுத்துத் தனியாக இருந்தார். யார் எதைச் சொன்னாலும் அந்தக் கை நீளும். சொன்னது எவ்வளவு நிச்சயம் என்பதை விரலில் காட்டவேண்டும். ஐந்தும் விரிந்தால், கண்ணால் கண்டது, கையால் தொட்டது. மூடிய கை என்றால் தெரியாது.

மீன்காரி கிளாராவிடம் கேட்பார். "பாரை இண்டைக்குப் பட்டதோ?"

"இப்பதான் ரீச்சர், துடிச்சுக்கொண்டு கிடந்தது."

"எத்தினை விரல்?"

கிளாரா மீனின் செவுளைப் பார்ப்பாள், வானத்தைப் பார்ப்பாள், ஒரு விரலை மடக்குவாள். இன்னொன்றையும் மடக்குவாள். "மூண்டு எண்டு வையுங்கோவன். உங்களுக்கு மீன் விக்கிறதுக்குப் பாவசங்கீர்த்தனம் செய்யலாம்."

ஃபாதரையும் விடவில்லை. திருநாள் அன்று கொடிமரத்துக்கு மேலே கறுத்துக் கிடந்தது. "மழை வராது, சுற்றுப்பிரகாரம் நடக்கும்" என்றார் ஃபாதர். வாசலில் நின்ற ரீச்சர் கையை நீட்டினார்.

"விசுவாசத்துக்கு விரல் இல்லை ரீச்சர்."

"அப்ப குடை எடுத்துக்கொண்டு வாறன் ஃபாதர்."

சிரித்தோம். அவர் போன பின் சிரிப்பு வாயில் கொஞ்சம் உப்பாய்க் கிடக்கும். ஏனென்றால் அந்தக் கை எங்கே முதலில் நீண்டது என்று எங்களுக்குத் தெரியும்.

கடைசிச் சனத்தோடு வட்டுவாகல் பாலத்தைக் கடந்த நாளில் ரீச்சர் தன் கணவரைத் தவறவிட்டார். பிடித்த கை வியர்வையில் வழுகி, திரும்பிப் பார்க்கையில் வேறொருவருடைய முகம். அதற்குப் பிறகு அவரைக் கண்டதாகப் பலர் சொன்னார்கள். ஒருவர் ஆஸ்பத்திரியில் என்றார். ஒருவர் பஸ்ஸில் என்றார். ரீச்சர் ஒவ்வொரு இடத்துக்கும் போய் நின்று பார்த்துவிட்டு வந்தார். கேள்வி அப்போது முளைத்தது. கையை நீட்டியதும் மற்றவர்களுடைய விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. மடங்காத கை ஒன்றே ஒன்று. மரியதாஸ் அண்ணையுடையது.

மரியதாஸ் அண்ணைக்கு இரண்டு படகு. பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய இரக்கம். யார் அழுதாலும் பொறுக்கமாட்டார்.

"பாலத்துக்கு அங்கால, பனையடியில நிண்டவர் ரீச்சர். நீலச் சாரம் கட்டியிருந்தவர். தண்ணி குடிச்சுக்கொண்டு நிண்டவர். இந்தக் கண்ணால கண்டனான்."

"எத்தினை விரல், அண்ணை?"

"அஞ்சும்!"

அந்த ஐந்து விரலில் ரீச்சர் தொங்கிக்கொண்டிருந்தார். ஓய்வுநாள் தோறும் சைக்கிளில் வட்டுவாகலுக்குப் போய் அந்தப் பனையடியில் நிற்பார். வேறு ஊர்களுக்கு இடமாற்றம் வந்தபோதெல்லாம் மறுத்தார். மரியதாஸ் அண்ணையும் காணும்போதெல்லாம் அந்தக் கதையைச் சொல்லிக் கொடுப்பார், காய்ச்சலுக்குக் குளிசை கொடுப்பதைப் போல. "நேற்றுக் கண்ட மாதிரிக் கிடக்கு ரீச்சர்" என்பார். வருடங்கள் போகப் போக அந்த நேற்று மட்டும் நகரவேயில்லை.

இப்படிப்பட்ட ரீச்சர்தான் எங்களுக்கு ஆளில்லாத ஒரு விமானம் செய்து தந்தார்.

நான் அப்போது கடற்றொழிலாளர் சங்கத்தின் செயலாளர். மீன் வைக்கும், பாரமில்லாத வெள்ளை ரெஜிபோம் பெட்டிகளை ரீச்சர் சூடான கம்பியால் சீவிச் சீவி இறக்கையாக்கியபோது, விஞ்ஞானக் கண்காட்சிக்கென்று நினைத்தேன். முடிந்தபோது அது ஒரு ஆள் உயரத்துக்கு மேல் இறக்கை விரித்துக் கிடந்தது. வயிற்றில் கமரா. கடலில் காணாமற்போகும் படகுகளைத் தேட. முதல் தரம் அது மேலே இரைந்தபோது கரையில் நின்ற பெண்கள் வலையை விட்டுவிட்டுப் பூவரசுக்குக் கீழே ஓடினார்கள்.

"வண்டு! வண்டு!"

ரீச்சர் கத்தினார். "அது வண்டில்லை! கொக்கு! கொக்கு எண்டு சொல்லுங்கோ!"

கொக்கு என்றே ஆனது. ஆனால் இரைச்சல் கேட்டால் எவரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. குனிவார்கள்.

பிறகு, சோளகக் காற்று விழுத்திக்கொண்டு அடித்த ஒரு நாள், எங்கள் தெருச் சகோதரர்கள் இருவர் திரும்பவில்லை. கொக்கு எழும்பியது. திரையில் கவிழ்ந்த படகின் செம்மஞ்சள் அடிப்பக்கம் தெரிந்தது. கீழே இடத்தின் இலக்கம். "பிடிச்சிட்டம்!" என்றேன். படகுகள் ஓடின. அந்த இடத்தில் தண்ணீர் மட்டும். மறுபடி ஓடின. தண்ணீர். தாய்க்காரி மண்ணில் இருந்து தலையில் அடித்துக்கொண்டிருந்தாள். ரீச்சர் திரையில் மூக்கு முட்டப் பார்த்தார். ஒரு படத்தில் பச்சைத் தண்ணீர், ஒரு படத்தில் நீலம், ஒரு படத்தில் நுரை. எல்லாவற்றுக்கும் கீழே ஒரே இடம்.

"இது பறக்குது," என்றார் மெதுவாக. "ஆனா நிண்ட இடத்திலையே நிக்கிறன் எண்டு சொல்லுது."

பொழுது சாயும் நேரம், தெற்கே வெகு தூரத்தில் வேறொரு ஊர்ப் படகு தற்செயலாக அவர்களைக் கண்டது. மீன்பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி, உதடு வெடித்து, உயிரோடு. ஊரே கரைக்கு ஓடியது. ரீச்சர் ஓடவில்லை. திருப்புளியால் கொக்கின் முதுகிலிருந்த கருவியைக் கழற்றிக்கொண்டிருந்தார். இடம் அறிவிக்கும் கருவி அது. வானத்துச் சமிக்ஞை அறுந்த பின்னும், கடைசியாகத் தெரிந்த இடத்தையே எடுத்து, புதிய நேரம் போட்டு, அனுப்பிக்கொண்டேயிருந்திருக்கிறது.

"பாருங்கோ, பொய் சொல்லுற எண்ணமில்லை அதுக்கு," என்றார். "பழசைப் புதுசாய்ச் சொல்லிக்கொண்டு நிண்டிருக்கு. அவ்வளவுதான்."

பக்கத்தில் நின்ற மரியதாஸ் அண்ணை காலால் மணலைக் கிண்டினார்.

விசயம் கொழும்புக்குப் போயிற்று. பரீட்சார்த்த விமானங்களுக்கு அனுமதி தரும் அலுவலகம் கொக்கை நிலத்தில் நிறுத்தச் சொன்னது. விதிக்கு அமைந்த வேறு கருவி பூட்ட வேண்டும், அதிகாரி வந்து பார்க்க வேண்டும், அதற்குப் பிறகுதான் பறக்கலாம். வாடைக் காற்றுக்கு அதிகம் நாளில்லை. வாடையில் கடல் எங்களிடம் ஆள் கேட்கும். வாடைக்கு முன் அனுமதி கிடைக்காவிட்டால், அந்தப் பருவம் முழுக்க, போகிறவனைத் தேட மேலே ஒரு கண்ணும் இராது. சங்கக் கூட்டத்தில் யாரும் இதை உரக்கச் சொல்லவில்லை. எல்லோருக்கும் வீட்டில் ஒரு படகு இருந்தது.

விதிகளை ரீச்சர் குசினிக் கதிரையில் இருந்து வாசித்தார். அடுப்பில் சோறு அடிப்பிடித்தது. அவர் சத்தமாகச் சிரித்ததை நான் கேட்டது அன்றுதான்.

"தம்பி, இஞ்ச வந்து பாரும். நான் இன்ன இடத்தில நிக்கிறன், இவ்வளவு உயரத்தில நிக்கிறன் எண்டு மட்டும் சொன்னாப் போதாதாம். அதை எவ்வளவு நிச்சயமாய்ச் சொல்லுறன் எண்டும் சேர்த்துச் சொல்லோணுமாம். ஒவ்வொரு தரமும்!"

"உங்கட விரல் கொழும்பு வரைக்கும் போட்டுது ரீச்சர்."

"எனக்கு முதலே ஆரோ யோசிச்சிருக்கினம்," என்றார். அந்தச் சிரிப்பு முகத்தில் கொஞ்ச நேரம் கிடந்து, பிறகு மெல்ல வற்றியது.

இரண்டு கருவிகள் கைக்கு வந்தன. ஒன்று கொழும்பு வியாபாரி அனுப்பியது. தீப்பெட்டியளவு, இலேசு, மேலே "அங்கீகாரம் பெற்றது" என்று மினுங்கும் ஒட்டு. மற்றது கனடாவில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் அனுப்பியது. பாரம். தனியாக வானம் பார்க்க, வெள்ளைக் கிண்ணத்தைக் கவிழ்த்தது போல ஒரு அன்ரனா. பெட்டிக்கும் அன்ரனாவுக்கும் சேர்த்தே அங்கீகாரம். ஒன்றைப் பிரித்து வேறொன்றோடு பூட்டினால் செல்லாது. அதைப் பூட்டினால் கொக்கின் மூக்குத் தாழும். ரீச்சர் பற்றரியைப் பின்னால் தள்ளி, இறக்கைகளுக்குக் கீழே இரண்டு விரல் நுனியில் கொக்கைத் தூக்கித் தூக்கி நிறை பார்ப்பார். மூச்சுக்கூட விடமாட்டார்.

சின்னது எதைக் கேட்டாலும் உடனே பதில் சொல்லும். பாரமானது வானம் சரியாகத் தெரியும் வரை "நிலை தெரியாது" என்றே காட்டிக்கொண்டு நிற்கும். சங்கத்தார் சின்னதுக்குக் கெட்டிக்காரன் என்றும் மற்றதுக்கு மொக்கன் என்றும் பெயர் வைத்துவிட்டார்கள்.

"கெட்டிக்காரனைப் பூட்டுங்கோ ரீச்சர்," என்றார் தலைவர். "அதிகாரிக்கு முன்னால நிண்டு தெரியாது தெரியாது எண்டு சொன்னா ஆர் அனுமதி தருவினம்? பிள்ளை மொக்கு எண்டு தெரிஞ்சுகொண்டே சோதினைக்கு அனுப்புவியளோ?"

"தெரியாததுக்கு விடை எழுதுற பிள்ளைக்கு நான் எப்பவும் புள்ளி குடுக்கிறேல்லை," என்றார் ரீச்சர்.

அடுத்த நாள் ஊர் ஒரு கூத்துப் பார்த்தது. ரீச்சர் தன் அலுமினியச் சருவச்சட்டிக்குள் கெட்டிக்காரனை வைத்து, வானம் தெரியாதபடி மூடினார். மூடியிடுக்கால் வயர் வெளியே வந்து, நான் பிடித்திருந்த திரையில் முடிந்தது. சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூட வேம்படியிலிருந்து கடற்கரைக்கு நடந்தார். பின்னால் நான், வயரின் மற்ற முனையில், கன்றுக்குட்டியைப் போல.

"என்ன ரீச்சர், கஞ்சியோ?" கிளாரா மீன்தட்டோடு நின்று கேட்டாள்.

"இல்லை. விமானம்."

"எத்தினை விரல்?"

கடற்கரையில் அலை காலை நனைத்தது. திரையைப் பார்த்தேன். கெட்டிக்காரன் இன்னும் வேம்படியில்தான் நிற்கிறானாம். நேரம் மட்டும் சரியாக ஓடிக்கொண்டிருந்தது. முழு நிச்சயமாம். பிறகு மொக்கனின் முறை. வேம்படியில் சட்டியை மூடிய சில மூச்சுக்குள் மொக்கன் தன் நிச்சயத்தின் இலக்கங்களைக் கீழே இறக்கினான், இறக்கினான், பிறகு "நிலை தெரியாது" என்றான். கடற்கரை வரை அந்த ஒரே சொல். மூடியைத் திறந்தபின்தான் கொஞ்சம் கொஞ்சமாக விரல்களை விரித்தான்.

தலைவர் தாடியைச் சொறிந்தார். "சரி. ஆனா அதிகாரி வாற அண்டைக்கு இது எங்களைக் கவிட்டுப்போட்டா, வாடைக்கு எங்கட பெடியளுக்கு நீங்கள்தான் பதில் சொல்லோணும் ரீச்சர்."

"சொல்லுறன்," என்றார்.

அதிகாரி வந்த நாள். நந்திக்கடல் ஓரம், வற்றிய சதுப்பின் விளிம்பில் கொக்கு நின்றது. முதுகில் மொக்கனின் வெள்ளைக் கிண்ணம் வெயிலில் பளபளத்தது. அதிகாரி குறைவாகப் பேசுகிறவர். கூடாரத்துக்குள் பத்திரங்களைப் பார்த்தார், கருவியின் எண்ணை ஒத்துப் பார்த்தார், தலையாட்டினார். கொக்குக்குக் காவலாக வெளியே மரியதாஸ் அண்ணை. அந்த நேரம் தெற்கிலிருந்து ஒரு ஹெலி, தாழ்வாக, தன்பாட்டில் கடந்து போயிற்று. கூடாரத்துக்குள் நாங்கள் எல்லோரும் ஒரு கணம் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டோம். அதிகாரி அதைக் கவனித்தார். கேட்கவில்லை.

"சரி, பார்ப்பம்," என்றார்.

ரீச்சர் திரையைத் திருப்பினார். நிலை தெரியாது.

காத்திருந்தோம். தலைக்கு மேலே ஒரு முகில்கூட இல்லாத வானம். நிலை தெரியாது. அதிகாரி மணிக்கூட்டைப் பார்த்தார். தலைவர் என் காதுக்குள் பல்லைக் கடித்தார். "சொன்னனான்தானே. சொன்னனான்தானே." இரு சகோதரர்களின் தாய் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். வயர், பற்றரி, எல்லாம் சரி. மொக்கன் அசையவில்லை.

"வேற கருவி ஏதும் இருக்கோ?" என்றார் அதிகாரி.

"இருக்கு சேர்!" தலைவர் சட்டைப்பைக்குள் கையை விட்டார். கெட்டிக்காரனைக் கொண்டே வந்திருக்கிறார்.

"பொறுங்கோ," என்றார் ரீச்சர். "அது தெரியாது எண்டு சொல்லுதெண்டா, தெரியாமல் இருக்க ஒரு காரணம் இருக்கும். போய்ப் பாத்திட்டு வாறன்."

வெயிலுக்குள் நடந்தார். நானும் பின்னால் போனேன். கொக்கின் முதுகில் வெள்ளைக் கிண்ணம் இல்லை. கறுத்த, ஈரமான, ஒரு குவியல் சேறு. நந்திக்கடலின் உப்புச் சேறு, தடிப்பாக அப்பியிருந்தது. அதன் மேலே, தெளிவாக, ஒரு பெரிய உள்ளங்கையின் பதிவு. ஐந்து விரலும்.

மரியதாஸ் அண்ணை தள்ளி நின்றார். முழங்கை வரை சேறு. தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பளபளத்துக்கொண்டு கிடந்தது ரீச்சர்," என்றார். "மேலை அது வந்தது. கை தானாய்ப் போட்டுது. நான் யோசிக்கேல்லை. சத்தியமாய் யோசிக்கேல்லை."

ஏசுவார் என்று நினைத்தேன். ரீச்சர் அந்த ஐந்து விரல் பதிவைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குடிதண்ணீர்ப் போத்தலைத் திறந்து, சுண்டுவிரல் பக்கத்திலிருந்து, மெதுவாகக் கழுவத் தொடங்கினார். சேறு கரைந்து இறக்கையால் வழிந்தது. கூடாரத்திலிருந்து தலைவர் கத்தினார். "ஏறுது! இலக்கம் ஏறுது ரீச்சர்!"

கொக்கு பறந்தது. அதிகாரி எதுவும் புகழவில்லை. சேற்றையும் திரையையும் மாறி மாறிப் பார்த்து ஏதோ எழுதிக்கொண்டு போனார். அனுமதி வந்தபோது வாடையின் முதல் மழை கூரையில் விழுந்துகொண்டிருந்தது.

அதே மழையில்தான் ரீச்சருடைய மாற்றமும் வந்தது, வவுனியாப் பக்கம், பூவரசங்குளத்துக்கு. கடல் இல்லாத ஊர். இம்முறை அவர் மறுக்கவுமில்லை, ஓம் என்று சொல்லவுமில்லை. பெட்டியைக் கட்டியிருந்தார், அவ்வளவுதான். கடைசி ஓய்வுநாள் அவர் வட்டுவாகலுக்குப் போனாரா என்று கிளாராவிடம் கேட்டேன். "சைக்கிள் பாதி வழி போய்த் திரும்பினதைக் கண்டனான்," என்றாள். நான் கேட்காமலே நாலு விரலைக் காட்டினாள்.

பஸ் தரிப்பிடத்தில் நாங்கள் சிலர் நின்றோம். மழை சரிவாய் அடித்தது. ரீச்சர் ஏறி யன்னல் ஓரம் இருந்த பிறகு மரியதாஸ் அண்ணை வந்தார், குடையில்லாமல், நனைந்து. யன்னலுக்குக் கீழே வந்து நின்று வாயைத் திறந்தார். வழக்கமான கதைதான் வரப்போகிறது, பனையடி, நீலச் சாரம், நேற்றுப் போல, என்று எனக்கு எரிச்சல் வந்தது.

"ரீச்சர். அண்டைக்குப் பாலத்துக்கு அங்கால..."

"ஓம் அண்ணை."

"ஒரு முதுகைத்தான் கண்டனான். நீலச் சாரம் எண்டது உண்மை. ஆனா எத்தினை பேர் நீலச் சாரம் கட்டியிருந்தவை. நீங்கள் அழுதுகொண்டு நிண்டனீங்கள். எனக்குப் பொறுக்கேல்லை. அஞ்சையும் விரிச்சுப்போட்டன். பிறகு மடக்கத் தெரியேல்லை."

ரீச்சர் யன்னலுக்கு வெளியே தன் வலது கையை நீட்டினார். மழை அதில் விழுந்தது. விரல்கள் விரிந்தன, வழக்கம் போல. கேள்வியை வாய் கேட்கவில்லை.

மரியதாஸ் அண்ணை தன் கையை உயர்த்தினார். மூடிய கை.

பஸ் உறுமியது. நடத்துனர் பின்கதவைத் தட்டினார். ரீச்சர் அந்த மூடிய கையைத் தன் உள்ளங்கைக்குள் எடுத்து, கொஞ்ச நேரம், கொக்கைத் தூக்கி நிறை பார்ப்பதைப் போல வைத்திருந்தார். பிறகு விட்டார். அவருடைய முகத்தில் இருந்தது அழுகையா, களைப்பா, வேறு ஏதுமா, என்னால் ஒரு விரலும் காட்ட முடியாது.

பஸ் அசைந்தது. அண்ணை கூடவே நடந்தார், பிறகு ஓடினார், பெரிய உடம்போடு, சேறு தெறிக்க.

"ரீச்சர்! திரும்பி வருவியளோ? எத்தினை விரல்?"

"தெரியாது அண்ணை," என்றார் ரீச்சர். "போய் நிண்டு பாத்திட்டுச் சொல்லுறன்."